அம்புக்குறி அழுத்தினால் ஏ, பி, சி, டி விழுகிறதா? கீபோர்டை மாற்றாதீர்கள்

சர்வரில் லாகின் செய்து, விஐ என்ற டெக்ஸ்ட் எடிட்டரில் ஒரு கான்ஃபிக் ஃபைலை, அதாவது அமைப்பு ஃபைலைத் திறக்கிறீர்கள். எழுத்துகளை அடிப்பதற்கான இன்சர்ட் மோடுக்குப் போய் மேல் அம்புக்குறியை அழுத்தினால் கர்சர் நகரவில்லை. புதிதாக ஒரு வரி முளைத்து, அதில் ஏ என்ற ஆங்கில எழுத்து நிற்கிறது. கீழ் அம்புக்குறிக்கு பி, வலதுக்கு சி, இடதுக்கு டி. லினக்ஸ் சர்வர் பராமரிப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கொண்டுவரும் சிக்கல் இது. "கீபோர்டு போச்சு போல சார்" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். கீபோர்டில் ஒரு குறையும் இருக்காது.

இதைச் சின்னத் தொல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த ஏ-வும் பி-யும், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய வழிவிடும் எஸ்எஸ்ஹெச் சர்வரின் கான்ஃபிக் ஃபைலில் விழுந்து, கவனிக்காமல் சேவ் செய்து, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்துவிட்டால் அது மறுபடி எழுந்திருக்காது. ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்கு எதுவும் தெரியாது. அவர் வெளியே வந்த பிறகு யாராலும் உள்ளே போக முடியாது. அதனால் முதல் பாடம் இதுதான்: விசைகள் சொன்னபடி கேட்கவில்லை என்றால், அழித்து அழித்துச் சரிசெய்ய முயலாதீர்கள். எஸ்கேப் அழுத்தி, கோலன் போட்டு, க்யூ-வும் ஆச்சரியக்குறியும் கொடுத்துச் சேவ் செய்யாமல் வெளியே வந்துவிடுங்கள். ஃபைல் பழையபடியே இருக்கும். விசையைச் சரிசெய்துவிட்டு மறுபடி உள்ளே போகலாம்.

சரி, ஏ, பி, சி, டி எங்கிருந்து வருகிறது? டெர்மினலில் (கட்டளைகளை அடிக்கும் திரையில்) ஓடும் எடிட்டருக்கு நீங்கள் எந்த விசையை அழுத்தினீர்கள் என்பது தெரியாது. அதன் கைக்கு வந்து சேருவது வெறும் பைட்டுகள், அதாவது எண்கள். மேல் அம்புக்குறியை அழுத்தினால் வருவது மூன்று பைட்: எஸ்கேப், பெரிய ஓ, பெரிய ஏ. மூன்றும் சேர்ந்தால் மேல் அம்பு என்று புரிந்துகொள்ளும் எடிட்டரில் கர்சர் நகரும். பழைய விஐ போலவே நடந்துகொள்ளும் கம்பேட்டிபிள் மோடில், இன்சர்ட் செய்யும்போது இந்தப் புரிதல் கிடையாது. அது ஒவ்வொரு பைட்டாக எடுத்துக்கொள்ளும். எஸ்கேப் வந்ததும் இன்சர்ட் மோடிலிருந்து வெளியே வரும். ஓ என்பது மேலே புதிய வரி திறக்கச் சொல்லும் கட்டளை, திறக்கும். பிறகு ஏ, அதை எழுதிவிடும். எடிட்டர் தனக்குச் சொல்லப்பட்டதை அட்சரசுத்தமாகச் செய்திருக்கிறது.

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் அடிப்படை நிறுவலோடு வருவது, விஐ-யின் மேம்பட்ட வடிவமான விம்மின் விம்-டைனி என்ற சிறிய பதிப்பு. விஐ என்ற பெயரில் அதைக் கூப்பிட்டால், கம்பேட்டிபிள் மோடை வேண்டுமென்றே போட்டுவிடும் ஒரு கான்ஃபிக் ஃபைலும் சேர்ந்தே வருகிறது. முழு விம் பேக்கேஜை நிறுவினால் தீர்ந்தது. புதிதாக எதையும் நிறுவ அனுமதி இல்லாத சர்வர் என்றால், கோலன் போட்டு 'செட் நோகம்பேட்டிபிள்' என்று கொடுத்தாலே அந்த நேரத்து வேலை நடக்கும்.

அடுத்தது பேக்ஸ்பேஸ். இதில் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் ஒரே முகத்தோடு வரும். இணையத்தில் கிடைக்கும் நாலு வரியை எடுத்து ஒட்டுகிறவர்கள் பெரும்பாலும் தவறான கோளாறுக்கு மருந்து போடுகிறார்கள்.

முதல் வகையில், பேக்ஸ்பேஸை அழுத்தினால் திரையில் தொப்பிக்குறியோடு ஹெச் எழுத்தோ கேள்விக்குறியோ விழும். இது பைட் சிக்கல். பேக்ஸ்பேஸுக்கு எந்த எண்ணை அனுப்புவது என்பதில் டெர்மினல்கள் ஒத்துப்போகவே இல்லை. சில 8 (தொப்பிக்குறியோடு ஹெச்) அனுப்பும், சில 127 (தொப்பிக்குறியோடு கேள்விக்குறி) அனுப்பும். 127 என்பது ஏழு பிட்டும் ஒன்றாக இருக்கும் எண். காகித நாடாவில் துளையிட்டு எழுதிய காலத்தில், தப்பாகத் துளைத்த எழுத்தின் மேல் ஏழு துளைகளையும் போட்டால் அது 'அழிக்கப்பட்டது' என்று அர்த்தம். அந்த வழக்கத்தின் மிச்சம்தான் இன்றும் உங்கள் பேக்ஸ்பேஸில் இருக்கிறது. விண்டோஸிலிருந்து சர்வருக்குள் நுழைய புட்டி என்ற டெர்மினல் நிரலைப் பயன்படுத்துகிறவர்கள் அதன் கீபோர்டு அமைப்புப் பக்கத்தில் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். சர்வர் எதை எதிர்பார்க்கிறது என்று பார்க்க, ஷெல்லில் (கட்டளை வரியில்) 'எஸ்டிடிஒய் -ஏ' கட்டளையைக் கொடுத்து, வரும் விவரத்தில் 'இரேஸ்' என்ற இடத்தைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஷெல்லில் பிரச்சினை போய்விடும்.

இரண்டாவது வகையில் திரையில் எதுவும் விழாது. இப்போது அடித்த எழுத்துகள் அழியும், முன்பே இருந்தவை அழியாது. வரியின் தொடக்கத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். பைட் சரியாகத்தான் வருகிறது, விம்மின் 'பேக்ஸ்பேஸ்' அமைப்புதான் காலியாக இருக்கிறது. அதற்கு இன்டென்ட், இஓஎல், ஸ்டார்ட் என்ற மூன்று மதிப்புகளைக் கொடுக்க வேண்டும். 2016-இல் வந்த விம் 8 முதல் இது தானாகவே அமைந்துவிடும், ஆனால் உங்களுக்கென்று விம்ஆர்சி ஃபைல் (விம்முக்கான உங்கள் சொந்த அமைப்பு ஃபைல்) இல்லாதவரைதான். ஒரே ஒரு வரி சேர்க்கலாம் என்று விம்ஆர்சி ஃபைலை உருவாக்கிய மறுநிமிடம், அந்த இயல்பு அமைப்புகள் படிக்கப்படாமல் போகும். "நேற்று வரை நன்றாக இருந்தது, லைன் நம்பர் மட்டும்தான் போட்டேன், பேக்ஸ்பேஸ் போய்விட்டது" என்று யாராவது சொன்னால் அவர் சொல்வது உண்மை. விம்மோடு வரும் 'டிஃபால்ட்ஸ்' ஃபைலை உங்கள் விம்ஆர்சியின் முதல் வரியிலேயே 'சோர்ஸ்' செய்துவிடுங்கள், அதாவது படிக்கச் சொல்லிவிடுங்கள்.

எந்த விசை மக்கர் செய்தாலும் நான் முதலில் செய்வது ஒன்றுதான். முழு விம்மில் இன்சர்ட் மோடுக்குப் போய், கண்ட்ரோல்-வி அழுத்தி, பிறகு சந்தேகப்படும் விசையை அழுத்துவேன். என்ன பைட்டுகள் வந்தன என்பது அப்படியே திரையில் தெரியும். அடுத்து கண்ட்ரோல்-கே அழுத்தி அதே விசை. இப்போது விம் அதை என்னவென்று புரிந்துகொண்டது என்று பெயரோடு காட்டும். முதலாவது தப்பாக இருந்தால் கோளாறு எடிட்டருக்கு வெளியே. முதலாவது சரியாக வந்து இரண்டாவது பிசகினால், உங்கள் டெர்மினலை எடிட்டர் வேறு ஒன்றாக நினைத்துக்கொண்டிருக்கிறது. கண்ட்ரோல்-வி அழுத்தினால் பேஸ்ட் ஆகிவிடும் டெர்மினல்களில், ஷெல்லில் 'கேட் -வி' ஓடவிட்டு விசைகளை அழுத்திப் பாருங்கள்.

எடிட்டருக்கு வெளியே என்றால் எங்கே? கீபோர்டிலிருந்து டெர்மினல் நிரல், அங்கிருந்து எஸ்எஸ்ஹெச், அப்புறம் (ஒரே டெர்மினலில் பல அமர்வுகளை நடத்த வைத்திருந்தால்) டிமக்ஸ் அல்லது ஸ்கிரீன், கடைசியாகத்தான் எடிட்டர். டிமக்ஸ் இல்லாமல் ஒருமுறை, அதோடு ஒருமுறை என்று அதே சோதனையைச் செய்தால் யார் மாற்றுகிறார் என்று தெரிந்துவிடும். எஸ்கேப் அழுத்திய பிறகு அரை விநாடி கழித்தே இன்சர்ட் மோடு விலகுகிறதா? பல நாள் டிமக்ஸின் 'எஸ்கேப்-டைம்' இயல்பாகவே 500 மில்லிவிநாடியாக இருந்தது. அதை 10-க்குக் குறைத்துவிடுங்கள்.

ஷெல்லின் அமைப்பு ஃபைலான பேஷ்ஆர்சியில் 'டெர்ம்' மாறிக்கு ஒரு மதிப்பைக் கையால் எழுதி வைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். நீங்கள் எந்த டெர்மினலிலிருந்து வருகிறீர்கள் என்று எடிட்டருக்குச் சொல்வது அதுதான். அதில் பொய் எழுதினால், எங்கோ ஒரு நிறம் சரியாகும், வேறெங்கோ ஹோம், எண்ட் விசைகள் போகும். பிறகு பல மாதம் கழித்து வேறொருவர் அந்தக் கணக்கில் வந்து திண்டாடுவார். புதிய டெர்மினலைப் பழைய சர்வருக்கு அடையாளம் தெரியவில்லை என்றால், அந்த டெர்மினலின் விவரத்தை உங்கள் கணினியில் 'இன்ஃபோகம்ப்' மூலம் எடுத்து, சர்வரில் 'டிக்' மூலம் பதித்துவிடலாம். ஒருமுறை செய்தால் போதும்.

இனி, கோளாறே இல்லாமல் பயமுறுத்தும் சில. விண்டோஸ் பழக்கத்தில் சேவ் செய்ய கண்ட்ரோல்-எஸ் அழுத்துவார்கள். பழைய சர்வர்களில் திரை உறைந்துவிடும். அது 'அனுப்புவதை நிறுத்து' என்ற பழைய டெர்மினல் சைகை. கண்ட்ரோல்-க்யூ அழுத்தினால் உயிர் வரும். ஆனால் எத்தனையோ பேர் பதறிப்போய் விண்டோவையே மூடிவிடுகிறார்கள். அப்படி மூடிவிட்டாலும் விம் தற்காலிக நகலாக வைத்திருக்கும் ஸ்வாப் ஃபைல் பெரும்பாலும் மிச்சமிருக்கும். மறுபடி திறக்கும்போது வரும் எச்சரிக்கையில் ரெகவர் என்பதைத் தேர்ந்தெடுங்கள், வேகவேகமாக டிலீட் கொடுக்காதீர்கள். கேப்ஸ் லாக் இன்னொரு ஆபத்து. கீழே இறங்க ஜே அழுத்துகிறோம் என்று நினைப்போம். பெரிய ஜே வரிகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் உரிய ஒன்று இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகை இயங்கிக்கொண்டிருக்கும்போது எஸ்கேப் அழுத்தி, கட்டளைகளுக்கான நார்மல் மோடுக்கு வந்தால், ஜே விசை ப-வை அனுப்பும், கே விசை ம-வை அனுப்பும். இந்த இரண்டுக்கும் விம்மில் எந்தக் கட்டளையும் இல்லை, அதனால் எல்லா விசைகளும் செத்துப்போனதுபோல் இருக்கும். ஒவ்வொரு முறையும் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்வது சலிப்பான வேலை. விம்முக்கே சொந்தமாக 'கீமேப்' வசதி உண்டு. தமிழ்99 எழுத்து வரிசையை ஒரு சிறிய ஃபைலாக எழுதி, வீட்டு டைரக்டரியில் விம்முக்குள் கீமேப் என்ற ஃபோல்டரில் போட்டு வைத்து, 'செட் கீமேப்' கட்டளையில் அதன் பெயரைக் கொடுத்தால், இன்சர்ட் மோடில் மட்டும் தமிழ் வரும். நார்மல் மோடுக்கு வந்ததும் விசைகள் தாமாகவே ஆங்கிலக் கட்டளைகளாகிவிடும். இடையில் ஆங்கிலம் அடிக்க வேண்டுமென்றால் கண்ட்ரோலோடு தொப்பிக்குறி விசை. மறுபடி தமிழுக்கும் அதே விசைதான். சிஸ்டத்தின் தமிழ் உள்ளீட்டை மட்டும் அப்போது அணைத்து வைத்திருக்க வேண்டும்.