ஓவியத்தைப் படமெடுக்கிறீர்களா? காசை விளக்கில் போடுங்கள்

படத்தைப் பார்த்து ஓவியம் வாங்கியவர், "நிறம் வேறாக இருக்கிறதே" என்று திருப்பி அனுப்புகிறார். என்னிடம் வரும் ஓவியர்கள் பலரின் மனக்குறை இதுதான். எந்தக் கேமரா வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள். ரா (RAW) கோப்பு, அதாவது கேமரா பதிந்ததைத் திருத்தாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு, தரும் பழைய கேமராவும் ஒரு 50 மி.மீ. லென்ஸும் தாராளமாகப் போதும். கையில் இருக்கும் பணத்தை விளக்குக்குச் செலவிடுங்கள்.

எல்.இ.டி. விளக்கு வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்காமல் சி.ஆர்.ஐ. எண்ணையும் பாருங்கள். அந்த ஒளியில் நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதைச் சொல்லும் அளவு அது, உச்சம் 100. ஆனால் அது எட்டு வெளிர் நிறங்களின் சராசரிதான். அழுத்தமான சிவப்பு அதில் சேராது. அதற்கு ஆர்9 என்று தனி அளவு உண்டு. சி.ஆர்.ஐ. 80 உள்ள வீட்டு விளக்கில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டிக்கூட இருக்கும். தஞ்சாவூர் ஓவியத்தின் குங்குமச் சிவப்பு அந்த ஒளியில் மங்கிப் பழுப்படித்துவிடும். பிறகு கணினியில் சிவப்பைக் கூட்டினால் சாமியின் முகமும் சேர்ந்து சிவக்கும். சி.ஆர்.ஐ. 95-க்கு மேல், ஆர்9 90-ஐ ஒட்டி இருக்கும் விளக்குகள் இரண்டை ஒரே மாடலில் வாங்குங்கள். அதற்கும் வழியில்லையென்றால் வெயில் நேராகப் படாத பகல் நிழலில் எடுங்கள். மலிவு விளக்கைவிட அது எவ்வளவோ மேல். பக்கத்தில் வண்ணச் சுவர் மட்டும் இருக்கக் கூடாது.

விளக்குகளை இரு பக்கமும் 45 டிகிரியில் நிறுத்தி, அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். நிறச்சாயல் இல்லாத சாம்பல் நிற அட்டையை நான்கு மூலையிலும் நடுவிலும் வைத்துப் படமெடுத்து, எல்லா இடத்திலும் வெளிச்சம் ஒன்றுபோல் விழுகிறதா என்று சரிபாருங்கள். வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி கேமராவைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸும் அதே அட்டையை வைத்துத்தான். கேமரா ஓவியத்துக்கு நேராக இருக்கிறதா என்று அறிய, ஓவியம் இருக்கும் இடத்தில் முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றைத் தட்டையாக ஒட்டிப் பாருங்கள்: படத்தின் நட்டநடுவில் உங்கள் லென்ஸே தெரிய வேண்டும்.

எண்ணெய் ஓவியத்தின் பளபளப்பை அடக்க, விளக்குகளில் போலரைசர் தாளும் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது) லென்ஸில் போலரைசர் வடிகட்டியும் மாட்டுவது வழக்கம். தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டிய ஓவியத்துக்கு அதைச் செய்யவே செய்யாதீர்கள். தங்கம் கறுத்துச் செத்துவிடும். தங்கம் எதிரில் இருப்பதைத்தான் காட்டும். லென்ஸைச் சுற்றி வெள்ளைத் தெர்மகோல் பலகை வைத்து, அதன்மேல் கொஞ்சம் ஒளி விழச் செய்யுங்கள், ரேக்கு மின்னும். ஒளி கூடினால் மற்ற வண்ணங்கள் வெளிறும் என்பதால் மெல்ல மெல்லத்தான் கூட்ட வேண்டும். இந்த ஒரு வேலைக்கு நான் நேரம் பார்ப்பதே இல்லை.

நிற அளவுகள் முன்பே தெரிந்த 24 கட்ட வண்ண அட்டையை முதல் படத்தில் சேர்த்து எடுத்தால், இலவச மென்பொருளான டார்க்டேபிளில் நிறங்களைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். கோபால்ட் நீலம் மட்டும் அடங்காது. நம் கண்ணுக்கு எட்டாத அளவு ஆழ்ந்த சிவப்பொளியையும் அது திருப்பி அனுப்புகிறது. கேமரா அதைப் பிடித்துக்கொண்டு கண்ணனை ஊதாவாக்கிவிடும். அசல் ஓவியத்தை அதே விளக்கொளியில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த நீலத்தை மட்டும் தனியே பிடித்துத் திருத்துங்கள்.