விளக்கு தானாக அணைந்தால் கன்ட்ரோலரைக் கழற்றாதீர்கள்

இந்த மாதமும் ஒரு மலைக்கிராமத்தில் அதே கதை. சோலார் பேனல், பேட்டரி, பல்பு மூன்றுக்கும் நடுவில் இருக்க வேண்டிய சார்ஜ் கன்ட்ரோலர் பெட்டி ஓரமாகத் தொங்குகிறது; பேட்டரியிலிருந்து பல்புக்கு நேராக ஒயர் இழுத்திருக்கிறார்கள். "ராத்திரி ஒன்பது மணிக்கே கரண்டை நிறுத்திடுது சார், கெட்டுப்போச்சு" என்றார் வீட்டுக்காரர்.

கெட்டுப்போகவில்லை ஐயா. நிறுத்துவதுதான் அதன் வேலை. நிறைந்த 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி 12.7 வோல்ட் அளவில் காட்டும். 11 வோல்ட் பக்கம் இறங்கியதும் கன்ட்ரோலர் விளக்கை அணைக்கிறது. அதற்குக் கீழேயும் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும்; அப்புறம் எவ்வளவு வெயில் அடித்தாலும் சார்ஜ் ஏறாது. நேராக இணைத்த புதிதில் விளக்கு கூடுதல் நேரம் எரியும், உண்மைதான். அதைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டிலும் கழற்றுகிறார்கள். சில மாதத்தில் இரண்டு வீடும் இருட்டு.

சீக்கிரம் அணைகிறதா? என்ன மாட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். 12 வோல்ட், 40 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இருப்பது, இரண்டையும் பெருக்கினால், 480 வாட்-அவர். பாதிக்கு மேல் எடுக்காமல் இருந்தால் நல்லது, ஆக 240. 5 வாட் பல்பு மூன்று, ஐந்து மணி நேரம் எரிந்தால் 75 தான். இன்வெர்ட்டர் வாங்கி 60 வாட் டிவியை நான்கு மணி நேரம் ஓட்டினால் அந்த 240-உம் ஒரே மாலையில் காலி. அந்த வீட்டில் நடந்ததும் இதுதான்.

பீகாரின் தர்ணை கிராமத்தில் 2014-ல் 100 கிலோவாட் சோலார் மைக்ரோகிரிட், அதாவது ஊருக்கே கரண்ட் தரும் சிறு மின்நிலையம், வந்தது. சில ஆண்டுகளில் பேட்டரிகள் ஓய்ந்தன. மாற்றப்படவில்லை, மின்நிலையமும் முடங்கியது. பேனல் இருபத்தைந்து வருடம் உழைக்கும். முதலில் சாவது பேட்டரிதான். பேனலை மாட்டிப் படம் எடுத்துக்கொண்டு, கன்ட்ரோலரில் சிவப்பு லைட் எதற்கு என்றுகூடச் சொல்லாமல் மலை இறங்கும் எங்கள் தொழில்காரர்களுக்கும் இது பொருந்தும்.

பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஓடைத் தண்ணீர் வேண்டாம், ஆசிட் வேண்டவே வேண்டாம். பேட்டரி பக்கத்தில் விளக்கோ பீடியோ பற்றவைக்காதீர்கள், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். ஃப்யூஸ் போனால் செம்புக் கம்பியைச் சுற்றாதீர்கள். பேனலில் மர நிழல் விழுந்தால் கிளையைக் கழியுங்கள்.

விளக்கு அணைந்தால் அன்றிரவு பொறுத்துக்கொள்ளுங்கள். நல்ல வெயில் அடித்த பிறகும் தொடர்ந்து சீக்கிரமே அணைந்தால், ரேஷன் வாங்க இறங்கும்போது மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். அதுவரை அந்தப் பெட்டியில் கை வைக்க வேண்டாம், தயவுசெய்து.