பத்திரம் எங்கே என்று கேட்கும் முன்

நிலத் தகராறு என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது "பத்திரம் இருக்கிறதா?" என்பதுதான். வழக்கறிஞர் தொழிலில் ஊறிப்போன கேள்வி அது. வங்கதேசத்தின் சிட்டகாங் மலைப்பகுதியைப் பற்றிப் படித்த பிறகு அதைக் கேட்கும்போது தயக்கம் வருகிறது.

சாக்மா, மர்மா, திரிபுரா என 11 பழங்குடி இனங்களின் மண் அது. காட்டை வெட்டி எரித்துப் பயிரிட்டு, பிறகு நிலத்தை ஆறப்போட்டு வேறிடம் நகர்வது ஜும் சாகுபடி. எந்தச் சரிவில் யார் பயிரிடலாம் என்பது ஊர்ப் பெரியவரான கார்பாரிக்கும், பல ஊர்களைப் பார்க்கும் ஹெட்மேனுக்கும் தெரியும். ஜும் வரியும் குடும்பத்துக்கு இவ்வளவு என்றுதான் வசூலானது. ஆக, வரிப் பதிவேட்டில் குடும்பம் இருக்கும், நிலத்தின் நான்கு எல்லை இருக்காது. ஆறப்போட்ட நிலமோ அரசின் கண்ணுக்குப் புறம்போக்கு.

பாகிஸ்தான் காலத்தில், 1960களின் தொடக்கத்தில், கர்ணபுலி ஆற்றில் கட்டிய கப்தாய் அணை சுமார் 1 லட்சம் பேரை வெளியேற்றியது. உழவுக்கேற்ற நிலத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் மூழ்கியது. அப்புறம் 1972இல், புதிய நாட்டின் குடிமக்கள் எல்லோரும் வங்காளிகள் என்று அரசியல் சாசனம் எழுதியபோது, மலைப்பகுதியின் உறுப்பினரான மனபேந்திர நாராயண் லார்மா அவையிலேயே மறுத்தார். குடிமகனாக இருக்கிறேன், வங்காளியாக முடியாது என்பதே அவர் வாதம். அவர் கேட்டது தன்னாட்சி. பிரிவினைவாதி என்ற பட்டம்தான் கிடைத்தது. அவருடைய கட்சிக்கு சாந்தி வாகினி என்ற ஆயுதப் பிரிவு உருவானது.

1979 முதல் அரசு சமவெளி மக்களை மலையில் குடியேற்றியது. சில ஆண்டுகளில் சுமார் 4 லட்சம் பேர் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற ஏழைகள், அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவர்கள் கையில் அரசு கொடுத்த ஒதுக்கீட்டுக் காகிதம் இருந்தது. ஒரே நிலத்துக்கு ஒருவரிடம் காகிதம், இன்னொருவரிடம் பாட்டன் காலத்து நினைவு. இதில் யார் ஜெயிப்பார் என்று எந்த வழக்கறிஞரும் சொல்லிவிடுவார்.

அரசும் லார்மாவின் கட்சியும் செய்துகொண்ட 1997 டிசம்பர் 2 அமைதி ஒப்பந்தத்தில், நிலத் தகராறுகளைத் தீர்க்க ஒரு நில ஆணையம் வாக்களிக்கப்பட்டது. 2001இல் சட்டம், 2016இல் திருத்தம். மலையின் வழக்காறுகளையும் பார்த்தே தீர்க்க வேண்டும் என்கிறது சட்டம். ஆயிரக்கணக்கான மனுக்கள் இன்னும் காத்துக் கிடக்கின்றன. இதற்கிடையே அரசியல் சாசனத்தின் 2011 திருத்தம் நாட்டு மக்களை மறுபடியும் வங்காளிகள் என்றே குறித்தது.

பத்திரம் இல்லை என்று தலைகுனிந்து நிற்பவரிடம் இப்போது இன்னொன்றும் கேட்கிறேன்: "உங்கள் தாத்தா இங்கே என்ன பயிர் வைத்தார்? அதைப் பார்த்தவர் யாராவது உயிரோடு இருக்கிறார்களா?"