ஏலகிரி வளைவில் பஸ்ஸைத் திருப்புவது எது?

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துப் பிள்ளைகளிடம் பள்ளிச் சுற்றுலா என்று சொன்னால் முதலில் வாயில் வருவது ஏலகிரிதான். பழைய வடஆற்காட்டு மலை. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது திருப்பத்தூர் பங்குக்குப் போய்விட்டது. பொன்னேரியிலிருந்து மேலே ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள் பெயரையும் வள்ளல்கள் பெயரையும் வைத்திருக்கிறார்கள். விசையும் இயக்கமும் பாடத்தில் பாதியை இந்த வளைவுகளிலேயே நடத்தி முடித்துவிடலாம் என்பது என் எண்ணம்.

பஸ் இடப்பக்கம் திரும்பும்போது உள்ளே இருக்கும் எல்லோரும் வலப்பக்கம் சாய்கிறார்கள். ஜன்னலோரத்தில் இருப்பவர்தான் பாவம், பக்கத்து ஆளின் பாரத்தையும் சேர்த்துத் தாங்குகிறார். ஏதோ ஒன்று வெளியே தள்ளுவதாகத்தான் தோன்றும். சரி, தள்ளுவது எது? கயிறு இல்லை, கை இல்லை, காற்றும் இல்லை. அப்படி எதுவுமே தள்ளவில்லை.

வெளிவிசை ஒன்று செயல்படாதவரை, நகரும் பொருள் நேர்கோட்டில் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும் என்று 1687-ல் நியூட்டன் எழுதிவைத்தார். நம் உடம்பும் அதைத்தான் செய்யப் பார்க்கிறது. அது நேராகப் போகிறது, பஸ்தான் அடியில் திரும்பிவிடுகிறது. கடைசியில் பஸ்ஸின் பக்கச்சுவர் வந்து தோளில் மோதி நம்மை உள்பக்கமாகத் தள்ளுகிறது. சாலையோரம் நின்று பார்ப்பவருக்கு, நம் மேல் செயல்படும் பக்கவாட்டு விசைகள் சீட்டின் உராய்வும் இந்தச் சுவரின் தள்ளலும்தான். இரண்டுமே வளைவின் மையத்தை நோக்கியவை. இதுதான் மையநோக்கு விசை.

தேர்வில் நிறையப் பேர், "மையநோக்கு விசையும் மையவிலக்கு விசையும் சமமாக இருப்பதால் பஸ் வளைவில் செல்கிறது" என்று எழுதுகிறார்கள். இரண்டும் சமமாகி ஒன்றையொன்று அழித்துவிட்டால் மிச்சம் பூஜ்யம். பூஜ்ய விசையில் பஸ் எப்படித் திரும்பும்? நேராகப் போய்ப் பள்ளத்தில்தான் இறங்கும். மையவிலக்கு விசை என்பது, திரும்பும் பஸ்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டு "நான் அசையவே இல்லை" என்று வைத்துக் கணக்குப் போடுபவர் சேர்த்துக்கொள்ளும் எண். அந்தக் கணக்கும் சரியாகவே வரும். ஆனால் சாலையோரத்து ஆளின் கணக்கையும் பஸ்ஸுக்குள் இருப்பவரின் கணக்கையும் ஒரே படத்தில் கலந்து வரையக் கூடாது.

சந்தேகம் தீராதவர்கள் ஒரு கேஸ் பலூனோடு ஏறிப் பார்க்கலாம். ஜன்னல்களை மூடிவிட்டு, பலூனின் நூலை சீட்டில் கட்டுங்கள். பஸ் இடப்பக்கம் திரும்பும்போது பயணிகள் வலப்பக்கம் சாய்வார்கள், பலூன் மட்டும் இடப்பக்கம் சாயும்! பஸ்ஸுக்குள் இருக்கும் காற்றுக்கும் எடை உண்டு. அதுவும் நேராகப் போகப் பார்த்து வலப்பக்கம் கொஞ்சம் நெருக்குகிறது. அங்கே காற்றழுத்தம் துளி கூடுகிறது. காற்றைவிட லேசான பலூனை அந்த அழுத்தம் எதிர்ப்பக்கம், அதாவது வளைவின் உள்பக்கம், தள்ளிவிடுகிறது. பலூன் கிடைக்காவிட்டால் பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டிலும் போதும். வளைவில் தண்ணீர் மட்டம் வெளிப்பக்கம் உயரும்.

இப்போது பெரிய கேள்விக்கு வருவோம். பயணியைச் சுவர் தள்ளுகிறது. பஸ்ஸை யார் தள்ளுவது? டிரைவர் என்று சொல்லத் தோன்றும். அவர் ஸ்டியரிங்கைச் சுற்றி முன் சக்கரங்களின் திசையைத்தான் மாற்றுகிறார். திசை மாறிய டயர் சாலையைப் பக்கவாட்டில் வெளியே தள்ளுகிறது. ஒவ்வொரு தள்ளலுக்கும் சமமான எதிர்த்தள்ளல் உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதிப்படி சாலை திருப்பித் தள்ளுகிறது. டயருக்கும் தாருக்கும் இடையிலுள்ள உராய்வு வழியாக வரும் அந்தத் தள்ளல்தான் பஸ்ஸைத் திருப்புகிறது. சாலையில் எண்ணெய் கொட்டிக் கிடந்தால் ஸ்டியரிங்கை எவ்வளவு சுற்றினாலும் பயனில்லை என்பது இதனால்தான்.

எவ்வளவு விசை வேண்டும்? வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால் வருவது முடுக்கம். ஆரம் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கி.மீ. என்றால் நொடிக்கு 5.56 மீட்டர். முடுக்கம் ஏறக்குறைய 2.06, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.21 பங்கு. 30 கி.மீ. வேகத்தில் இது 0.47 ஆகிறது. 40 கி.மீ.க்கு 0.84. வேகம் இரண்டு மடங்கானால் தேவைப்படும் விசை நான்கு மடங்கு.

சாலை தரக்கூடியது எவ்வளவு? காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயருக்கு உராய்வுக் குணகம், அதாவது எடையில் எத்தனை பங்கை உராய்வாகத் தர முடியும் என்ற எண், சுமார் 0.7. மழையில் 0.4 அளவுக்கு இறங்கிவிடும். அதோடு, வளைவில் சாலையின் வெளிஓரத்தை உயர்த்திக் கட்டியிருப்பார்கள். கொண்டை ஊசி வளைவுகளுக்கு, சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த அளவு: பத்துக்கு ஒன்று சரிவு, உள்வளைவின் ஆரம் குறைந்தது 14 மீட்டர், வடிவமைப்பு வேகம் மணிக்கு 20 கி.மீ. இந்த 20 குத்துமதிப்பாகச் சொன்னதில்லை. சரிவு தரும் 0.1-ஐயும், உராய்வுக்கு மிகக் கஞ்சத்தனமாக எடுத்துக்கொண்ட 0.15-ஐயும் கூட்டினால் 0.25. அதை 14 மீட்டர் ஆரத்தோடு கணக்கில் போட்டால் வேகம் 21 கி.மீ. வருகிறது! உண்மையான உராய்வுக்கும் 0.15-க்கும் உள்ள வித்தியாசம்தான் மழைக்கும், தேய்ந்த டயருக்கும், திடீர் பிரேக்குக்கும் ஒதுக்கிய சேமிப்பு. 40-ல் வந்தால் காய்ந்த சாலையில்கூட அந்தச் சேமிப்பு காலி.

திடீர் பிரேக் என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான் ஆபத்து. திரும்புவதற்கும் நிற்பதற்கும் டயர் ஒரே உராய்விலிருந்துதான் எடுத்தாக வேண்டும். பிரேக்குக்கு நிறையக் கொடுத்துவிட்டால் திரும்பக் கொஞ்சம்தான் மிஞ்சும். அனுபவமுள்ள டிரைவர்கள் வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் போவது இந்தக் கணக்குப்படிதான்.

மேலே போட்ட கணக்கில் பஸ்ஸின் எடை எங்கேயும் வரவில்லை. எடை கூடினால் தேவைப்படும் விசையும் கூடுகிறது, கிடைக்கும் உராய்வும் அதே அளவு கூடுகிறது. ஆகவே வழுக்குவதற்கு ஆள் கூட்டம் காரணமாகாது. கவிழ்வது வேறு கதை. அங்கே ஈர்ப்பு மையத்தின் உயரம்தான் முக்கியம். உச்சி முட்ட வைக்கோல் ஏற்றிய லாரி, வழுக்கும் வேகம் வருவதற்கு முன்பே சாய்ந்துவிடலாம். பைக்கில் போகிறவர் உள்பக்கம் சாய்வதும் கவிழாமல் இருக்கத்தான். 20 கி.மீ.க்குச் சுமார் 12 டிகிரி சாய்வு வேண்டும். பின்னால் இருப்பவர் பயந்துபோய் எதிர்ப்பக்கம் சாய்ந்தால், ஓட்டுபவர் வண்டியை இன்னும் கூடுதலாகச் சாய்க்க வேண்டியிருக்கும்.

அப்புறம், இறக்கம். 10 டன் பஸ் 600 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வையுங்கள். அது இழக்கும் நிலை ஆற்றல் 5.88 கோடி ஜூல். எதுவும் தடுக்காவிட்டால் அடிவாரத்தில் வேகம் மணிக்கு 390 கி.மீ. ஆகியிருக்கும். பஸ் 20-லேயே இறங்குகிறது என்றால் அந்த ஆற்றல் முழுக்க வெப்பமாகியிருக்கிறது. அது 200 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம். அத்தனையையும் பிரேக் மேல் போட்டால் லைனிங் சூடேறி, உராய்வு குறைந்து, பெடலை எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காமல் போகும். "ஏறின கியரிலேயே இறங்கு" என்ற டிரைவர்களின் விதி இதற்காகத்தான். தாழ்ந்த கியரில் சக்கரம் எஞ்சினை வேகமாகச் சுற்ற வைக்க வேண்டியிருக்கிறது. எஞ்சினின் உள் உராய்வும், காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் வேலையும் பஸ்ஸை இழுத்துப் பிடிக்கின்றன. அந்த வெப்பம் ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெளியே போய்விடுகிறது. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறக்குபவர்கள் இந்த உதவியை மொத்தமாகத் துண்டித்துவிடுகிறார்கள்.

குறுகலான இடத்தில் இரண்டு வண்டி எதிர்ப்பட்டால், இறங்குவதுதான் ஏறுவதற்கு வழிவிட வேண்டும். ஏற்றத்தில் நின்றுவிட்ட பஸ்ஸின் எஞ்சின், பின்னுக்கு இழுக்கும் எடையையும் சமாளித்து வண்டியை முன்னுக்கும் முடுக்க வேண்டும். அதுவரை கிளட்ச் தேயும், கொஞ்சம் பின்னால் உருளவும் செய்யும். இறங்கும் வண்டிக்கு பிரேக்கை விட்டாலே போதும்.