பித்தளை மிதவையின் வேலை

1888இல் கார் தயாரிப்பாளர் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ் ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைமுக்குக் கார் ஓட்டிப் போனபோது, வழியில் தொப்பி ஊசியால் அடைப்பு எடுத்தாரே, அது காற்றோடு எரிபொருளைக் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் இருந்த அடைப்புதானா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இல்லை, எரிபொருள் குழாயில் இருந்த அடைப்பு. அந்த கார்புரேட்டரில் ஜெட்டே, அதாவது எரிபொருள் பீறிடும் நுண்துளையே, கிடையாது.

கார்ல் பென்ஸ் வைத்திருந்தது ஆவி பிடிக்கும் முறை. பாத்திரத்தில் லிக்ராயின் என்ற, பெட்ரோல் போன்ற எரிபொருள் இருக்கும். உள்ளே இழுக்கப்படும் காற்று அதன் ஆவியை அள்ளிக்கொண்டு சிலிண்டருக்குப் போகும். ஆனால் லிக்ராயின் பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. லேசானவை முதலில் பறந்துவிடும், கனமானவை தங்கிவிடும். போகப் போக இன்ஜின் முரண்டு பிடிக்கும்.

ஆவியாகும்வரை காத்திருக்காமல் திரவத்தையே பொடித் துளிகளாகச் சிதறடித்தால்? 1893 பிப்ரவரியில் புடாபெஸ்டில் ஹங்கேரியப் பொறியாளர்கள் டொனாட் பாங்கியும் யானோஷ் சோங்காவும் இதற்குக் காப்புரிமை கோரினார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியின் வில்ஹெல்ம் மைபாக்கும் இதைச் செய்தார். பூக்காரப் பெண் தண்ணீர் தெளித்ததைப் பார்த்துப் பாங்கிக்கு யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, சோங்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பட்டறையை நடத்தியவர் என்பது. நினைத்ததை அன்றே கடைந்து பார்க்க அவருக்கு இடம் இருந்தது. பட்டறைக்குப் பணம் ஒதுக்கத் தயங்கும் கல்லூரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிஸ்டன் இறங்கும்போது காற்று குறுகிய கழுத்தில் விரைகிறது, அங்கே அழுத்தம் குறைகிறது, ஜெட்டிலிருந்து பெட்ரோல் பீறிடுகிறது. பள்ளியில் படித்த பெர்னூலி விதிதான். வேகம் கூடினால் கழுத்தில் காற்று அடர்த்தி குறையும், பெட்ரோலுக்கு அப்படி ஆகாது. அதனால் கலவையில் பெட்ரோல் மிஞ்சும். 1902இல் பிரான்ஸின் பனார் கார் நிறுவனத்தின் ஆர்தர் கிரெப்ஸ், உறிஞ்சல் கூடும்போது தானாகத் திறக்கும் இன்னொரு காற்று வழியை வைத்து இதைச் சரிக்கட்டினார்.

என் மனம் போவது மிதவைமேல். பெட்ரோல் மட்டம் ஜெட்டின் வாய்க்குச் சில மில்லிமீட்டர் கீழேயே நிற்க வேண்டும். ஏறினால் வழியும், இறங்கினால் காற்று மட்டுமே போகும். கார் மேடு ஏறினாலும் தொட்டியில் பெட்ரோல் குறைந்தாலும் இந்த மட்டத்தைக் காப்பது உள்ளீடற்ற ஒரு பித்தளை டப்பா. பெட்ரோல் ஏறினால் அதுவும் மிதந்து ஏறி, ஊசியால் வரத்தை அடைக்கும், இறங்கினால் திறந்துவிடும். கண்ணும் இல்லை, கையும் இல்லை, ஆர்க்கிமிடீஸ் மட்டும்தான்!

அதில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் பெட்ரோல் உள்ளே புகும், மிதவை அமிழும், ஊசி மூடாது, ஜெட் வழியே பெட்ரோல் வழியும், ஸ்பார்க் ப்ளக்கில் கரி படியும். மிதவையைக் கழற்றிக் காதருகே ஆட்டினால் உள்ளே சளசளப்பு கேட்கும். வெந்நீரில் அமுக்கினால் ஓட்டையிலிருந்து குமிழி வரும். உள்ளே புகுந்த பெட்ரோலை முழுக்க வெளியேற்றிய பிறகே ஓட்டையை ஈயம் வைத்து அடைக்க வேண்டும். நான் முதன்முறை ஈயம் வைத்தபோது ஓட்டை அடைபட்டது, ஒழுகல் மட்டும் நிற்கவில்லை. ஈயத்தின் எடையால் மிதவை முன்னைவிட ஆழமாக அமிழ்ந்து, மட்டத்தை உயர்த்திவிட்டது. அரத்தால் ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுத்த பிறகுதான் ஊசி சரியான இடத்தில் மூடியது.