சுக்காய் பிந்து தாளைத் தூக்கிப் போடாதீர்கள்

எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தவரை சுக்காய் பிந்து என்கிற வீட்டு வரிப் பேச்சே நம் காதில் விழுந்ததில்லை. சாக்கடை அடைத்தால் ஆபீஸ் கெராணியிடம் (குமாஸ்தாவிடம்) போய் நிற்போம், அவ்வளவுதான். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு வாங்கி வெளியே வந்த பிறகுதான் பலருக்கு இந்த மதிப்பீட்டு வரித் தாள் கைக்கு வருகிறது. அனுப்புவது கோலகங்சார் நகராண்மைக் கழகம். பேராக் ஆற்றோரத்து சாயோங், மானோங் போன்ற கம்போங்குகளும் (கிராமங்களும்) நம் ஊரும் அதே மாவட்டம்தான். பெயரில்தான் நகரம், கொஞ்சம் தள்ளிப் போனால் செம்பனை.

சுக்காய் தானா என்கிற நில வரி வேறு, இது வேறு. நில வரி வருடத்துக்கு ஒரு தடவை மாநில அரசுக்குப் போகிறது. சுக்காய் பிந்து கழகத்துக்கு, இரண்டு தவணை, பிப்ரவரி கடைசிக்குள் ஒன்று, ஆகஸ்ட் கடைசிக்குள் ஒன்று. எங்கள் தெரு மாமா ஒருவர் நில வரி ரசீதைக் காட்டி "அதான் கட்டியாச்சே" என்று இரண்டு வருடம் இதைத் தொடவே இல்லை. பாக்கி ஏறினால் வாரண்டு எடுத்து வீட்டுச் சாமான்களைக் கைப்பற்றவும் சட்டத்தில் இடமுண்டு.

சரி, கணக்கு எப்படி? உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு எவ்வளவு வரும் என்று மதிப்பிடுவார்கள். உதாரணத்துக்கு மாதம் 500 ரிங்கிட் என்றால் வருடத்துக்கு 6,000; விகிதம் 4 விழுக்காடு என்று வைத்தால் வரி 240, ஒரு தவணைக்கு 120. அந்த மதிப்பைப் புதுப்பிக்கும்போது நோட்டீஸ் வரும். அதைத்தான் ஒழுங்காகப் படிக்க வேண்டும். 1976 ஊராட்சிச் சட்டப்படி, அதில் குறித்திருக்கும் பரிசீலனை நாளுக்கு 14 நாள் முன்னதாகவே எழுத்தில் ஆட்சேபம் போய்ச் சேர வேண்டும். "கட்ட முடியவில்லை" என்று எழுதினால் எடுபடாது, அது தனி முறையீடு. மதிப்பு அதிகம் என்று எழுதுங்கள், அதே வரிசையில் பக்கத்து வீட்டு வாடகை எவ்வளவு என்று காட்டுங்கள். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். முடிவு ஒத்துவராவிட்டால் உயர் நீதிமன்றம் வரை போகலாம், ஆனால் இந்தத் தொகைக்கு யார் போகப்போகிறார்கள்?

அப்புறம், பெயர் மாற்றம். வீடு கை மாறினால் மூன்று மாதத்துக்குள் கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இதைச் செய்யாததால்தான் பல வீடுகளுக்கு இன்னும் இறந்துபோன அப்பா பெயரிலேயே நோட்டீஸ் வருகிறது, பிள்ளைகளும் பிரிக்காமல் டிவி மேலே வைத்துவிடுகிறார்கள்.