பள்ளிக்குப் போகும் துப்பாக்கி வீட்டிலிருந்துதான் கிளம்புகிறது

ஹூஸ்டன் புறநகர் ஒன்றில் குழந்தை மருத்துவராக இருக்கிறேன். வருடாந்திரப் பரிசோதனைக்கு வரும் ஒவ்வொரு குடும்பத்திடமும் தூக்கம், சாப்பாடு, கார் சீட், நீச்சல் குளம் என்று கேட்டுக்கொண்டே வந்து, "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?" என்றும் கேட்பேன். டெக்சஸ்காரர்கள் பலர் "இருக்கு, சேஃபில் பூட்டியிருக்கு" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். நம்மவர்களிடம் கேட்டால்தான் பெரும்பாலும் முகம் மாறும்.

ஒருமுறை ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) "ஐயோ, அதெல்லாம் இல்லை டாக்டர்" என்று அம்மா சொல்லி வாய் மூடவில்லை, பரிசோதனை மேசையில் உட்கார்ந்திருந்த ஐந்து வயதுப் பையன், "அப்பாவோடது சாமி ரூம்ல மேல் தட்டுல இருக்கே" என்றான். இரண்டு தெரு தள்ளி ஓர் இந்திய வீட்டில் நகை திருடு போன பிறகு கணவர் வாங்கியதாம். சாமி அலமாரியைக் குழந்தை தொடமாட்டான் என்று நம்பி, தோட்டா போட்டபடியே அங்கே வைத்திருந்தார்கள். நகையெல்லாம் பேங்க் லாக்கருக்குப் போய்விட்டது. துப்பாக்கிக்கு ஒரு பூட்டுகூட இல்லை.

டாக்டருக்கு இந்தக் கேள்வி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். 2020 முதல் அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கு முதல் காரணம் துப்பாக்கி. சாலை விபத்தை அது முந்திவிட்டது. ஃபுளோரிடாவில் மருத்துவர்கள் இப்படிக் கேட்பதைக் கட்டுப்படுத்தி 2011இல் ஒரு சட்டமே போட்டார்கள். அது பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளை ரத்து செய்தது.

தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமையை நான் கேள்வி கேட்கவில்லை. வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022இல் ப்ரூயன் வழக்கில் அந்த உரிமை வீட்டுக்கு வெளியேயும் உண்டு என்றது. ஆனால் நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகக் குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. நண்பர் சொன்னார் என்று கடைக்குப் போகாமல் முதலில் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

2022இல் டெக்சஸின் உவால்டி ஊரில் தொடக்கப் பள்ளி ஒன்றில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி வேறு: "டீச்சர் கையில துப்பாக்கி இருந்தா பாதுகாப்புதானே டாக்டர்?"

டெக்சஸில் ஹாரல்ட் என்ற சிறு ஊரின் பள்ளி நிர்வாகம் 2007இலேயே ஊழியர்களைத் துப்பாக்கியோடு வர அனுமதித்தது. 2013இல், பயிற்சி பெற்ற பள்ளி ஊழியர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ள வழிசெய்யும் பள்ளி மார்ஷல் திட்டம் வந்தது. 2023 முதல் ஒவ்வொரு அரசுப் பள்ளி வளாகத்திலும் ஆயுதம் தாங்கிய பாதுகாவலர் இருக்க வேண்டும் என்று சட்டம். அவர் கிடைக்காத இடத்தில் பயிற்சி பெற்ற ஊழியரை வைத்துக்கொள்ளலாம். இதனால் பலனே இல்லை என்று சொல்லமாட்டேன். 2024இல் ஜார்ஜியாவின் அபலாச்சி உயர்நிலைப் பள்ளியில் பள்ளிக் காவலர்கள் சில நிமிடங்களில் எதிர்கொண்டதும் சுட்டவன் சரணடைந்தான். அதற்குள் நால்வர் இறந்திருந்தார்கள். உவால்டியில் 376 காவலர்கள் திரண்டும், வகுப்பறைக்குள் நுழைய 77 நிமிடம் ஆனது. 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியர்களும் போனார்கள்.

காவலை மட்டுமே வேலையாகக் கொண்ட, நன்றாகப் பயிற்சி பெற்ற ஒருவர் வாசலில் இருப்பது எனக்குச் சம்மதம். இருபத்தைந்து பிள்ளைகளுக்கு நடுவில் நிற்கும் ஆசிரியையின் இடுப்பில் துப்பாக்கி இருப்பது சம்மதமில்லை. சின்னப் பிள்ளைகள் டீச்சரின் இடுப்பைத்தான் கட்டிப்பிடிக்கும். அப்புறம், மனிதர்களுக்கு மறதி உண்டு. 2023இல் டெக்சஸின் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் அதிகாரி ஒருவர் கழிவறையில் விட்டுவந்த துப்பாக்கி மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண்ணில்தான் பட்டது.

இந்த விவாதத்தில் எல்லோரும் பள்ளி வாசலையே பார்க்கிறோம். பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து, அதிபருக்குப் பாதுகாப்புத் தரும் அமெரிக்க ரகசியச் சேவை (சீக்ரெட் சர்வீஸ்) 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி, துப்பாக்கியால் தாக்கியவர்களில் சுமார் நான்கில் மூன்று பேர் அதைப் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்துதான் எடுத்திருந்தார்கள். 2018இல் இங்கே சான்டா ஃபே பள்ளியில் பத்துப் பேரைக் கொன்ற மாணவன் கொண்டுபோனவை அப்பாவின் துப்பாக்கிகள். 2023 ஜனவரியில் வர்ஜீனியாவில் தன் ஆசிரியையைச் சுட்ட ஆறு வயதுச் சிறுவன் கொண்டுபோனது அம்மாவுடையது. மிச்சிகனின் ஆக்ஸ்ஃபர்டில் மகன் நால்வரைக் கொன்ற வழக்கில், பெற்றோர் இருவருக்குமே 2024இல் 10 முதல் 15 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. டெக்சஸிலும், சுடத் தயாரான துப்பாக்கியை அலட்சியமாக வைத்து, அது 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கைக்குக் கிடைத்துவிட்டால் குற்றம்.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. நாட்டின் துப்பாக்கி மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலை. மதிப்பெண், காதல், அவமானம் என்று ஏதோ ஒன்றில் உடைந்துபோன பதின்வயதுப் பிள்ளைக்கு அந்த எண்ணம் உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். மாத்திரை விழுங்கிய பிள்ளைகள் பிழைத்து, மறுவாரம் என் அறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். துப்பாக்கியை எடுத்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் திரும்புவதில்லை. வீட்டில் ஒரு பிள்ளை மனம் சரியில்லாமல் இருந்தால், அது தேறும்வரை துப்பாக்கியை வீட்டை விட்டே அப்புறப்படுத்துங்கள். அமெரிக்காவில் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழைத்தால் எந்த நேரமும் பேச ஆள் உண்டு.

மற்ற நாட்களில் தோட்டாவை எடுத்துவிட்டுப் பூட்டுங்கள். தோட்டாவைத் தனியாக வேறு இடத்தில் பூட்டுங்கள். திருடன் வந்தால் எப்படி எடுப்பது என்று சாமி ரூம் வீட்டு அப்பாவும் கேட்டார். கைரேகையில் சில நொடிகளில் திறக்கும் சிறிய சேஃப் கிடைக்கிறது. அந்த வாரமே வாங்கிவிட்டார். எண் பூட்டு என்றால் பிறந்தநாளை வைக்காதீர்கள், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். பல ஊர்களில் காவல் நிலையத்தில் கேபிள் பூட்டு இலவசமாகவே தருகிறார்கள்.

உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும், பிள்ளை விளையாடப் போகும் வீட்டில் இருக்கலாம். நாய் இருக்கிறதா, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது என்றெல்லாம் சொல்லும்போதே இதையும் கேட்டுவிடுங்கள். என் மகள் முதல்முறை தோழி வீட்டில் ராத்தங்கப் போனபோது எனக்கும் தயக்கமாகத்தான் இருந்தது. போனில் கேட்டேன். "ரெண்டு இருக்கு, ரெண்டுமே சேஃபில்" என்ற அந்த அம்மா, கொஞ்சம் நிறுத்திவிட்டு, "போன வாரம் என் பொண்ணை வேறொரு வீட்டுக்கு அனுப்பினேன், நான் கேட்கவே இல்லை. இப்பவே கேட்கிறேன்" என்றார்.